கெமிக்கலில் கெட்டுப்போன பிளாஸ்டிக் பாகம்: அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது எப்படி

ஒரு பிளாஸ்டிக் பாகம் விரிசல் விட்டாலோ உப்பிப்போனாலோ பெரும்பாலானவர்கள் முதலில் செய்வது, கெமிக்கல் எதிர்ப்பு அட்டவணையைத் திறந்து அந்தக் கெமிக்கலுக்கு நேரே "நன்று" என்று போட்டிருக்கிற வேறொரு பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்து ஆர்டர் போடுவதுதான். பாதி நேரம் புதிய பாகமும் அதே மாதிரி போய்விடும், ஏனென்றால் பழைய பாகத்துக்கு என்ன ஆனது என்று யாரும் பார்க்கவில்லை.

கெமிக்கல் ஒரு பிளாஸ்டிக்கை மூன்று வழிகளில்தான் கெடுக்கிறது. ஒன்று, உள்ளே புகுந்து உப்ப வைக்கும் அல்லது கரைக்கும். இதில் பாலிமர் சங்கிலி (பிளாஸ்டிக்கின் நீளமான மூலக்கூறு) அறுவதில்லை, இளகுகிறது, அவ்வளவுதான். இரண்டாவது, சும்மா கிடக்கிற பிளாஸ்டிக்கை ஒன்றும் செய்யாது, ஆனால் அது எங்கேயாவது இழுபட்டோ வளைந்தோ இறுக்கமாகவோ இருந்தால் அந்த இடத்தில் விரிசலைத் திறந்துவிடும். மூன்றாவது, சங்கிலியையே வெட்டும், அமிலமோ காரமோ வெந்நீரோ குளோரினோ அந்த வேலையைச் செய்யும். இந்த மூன்றில் எது என்று தெரிந்த பிறகுதான் எந்தப் பிளாஸ்டிக்குக்கு மாறுவது, அல்லது மாறத்தான் வேண்டுமா என்ற கேள்விக்கே அர்த்தம் வரும். அறிகுறி அதைச் சொல்லிவிடும், நிதானமாகப் பார்த்தால் போதும்.

தொடங்கும் முன்

கெட்ட பாகத்தைத் தூக்கிப் போடாதீர்கள். தண்ணீரில் அலசித் துடைத்து (கடுமையான அமிலமோ காரமோ பட்டிருந்தால் கையுறை, கண்ணாடி போட்டுக்கொண்டு) எடை போட்டு எழுதி வையுங்கள். புதிய பாகம் ஒன்று கையில் இருந்தால் அதையும் எடை போடுங்கள். எடை கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா, அப்படியே இருக்கிறதா என்ற ஒரே ஒரு தகவல் பல சமயம் பாதி வேலையை முடித்துவிடும்.

அப்புறம், அது என்ன பிளாஸ்டிக் என்று உறுதி செய்யுங்கள். நைலான், அசிட்டால் (பிஓஎம் என்றும் சொல்வார்கள்), எச்டிபிஇ (அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன்), பெட் (தண்ணீர் பாட்டில் பிளாஸ்டிக்), பிவிடிஎஃப் (டெஃப்லான் போல ஃப்ளூரின் உள்ள பிளாஸ்டிக்), டெஃப்லான் எல்லாமே வெள்ளை வெளேரென்ற கட்டையாகத்தான் வருகின்றன, பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும், கடைசல் பட்டறையில் மீந்த துண்டுகள் ஒரே அலமாரியில் கலந்து கிடக்கும். இதற்கு எளிய சோதனை மிதக்க விட்டுப் பார்ப்பது. பாலிபுரோப்பிலீனும் (தண்ணீரை 1 என்று வைத்தால் அடர்த்தி 0.90 அளவில்) எச்டிபிஇயும் (0.95 அளவில்) சாதாரணத் தண்ணீரில் மிதக்கும். நைலான் (1.14) தண்ணீரில் மூழ்கும், ஆனால் 100 மில்லி தண்ணீருக்கு 36 கிராம் என்ற கணக்கில் உப்பைக் கரைத்த செறிவான உப்புநீரில் மிதக்கும். அசிட்டால் (1.41) இரண்டிலும் மூழ்கும். பிவிடிஎஃப் 1.78, டெஃப்லான் 2.2, கையில் எடுத்தாலே கனம் தெரியும். கண்ணாடி இழை கலந்த ரகமாக இருந்தால் அடர்த்தி ஏறிவிடும் என்பதால் இந்தக் கணக்கு பொருந்தாது. கொளுத்தி மோந்து பார்த்துக் கண்டுபிடிக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். அசிட்டால் எரிந்தால் ஃபார்மால்டிஹைடு வரும், பிவிசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலப் புகை, டெஃப்லானில் அதைவிட மோசமானது.

கடைசியாக, அந்தப் பாகத்தின் மேல் என்னென்ன பட்டது என்று எழுதுங்கள். குழாய்க்குள் ஓடுகிற திரவம் மட்டும் போதாது. துடைக்கிற திரவம், மரையில் போட்ட பசை, கடையும்போது விட்ட வெட்டு எண்ணெய், பக்கத்தில் உரசுகிற கேபிள், மேலே இருந்து சொட்டுகிற கிரீஸ் எல்லாம் அந்தப் பட்டியலில் வர வேண்டும். குற்றவாளி பெரும்பாலும் பட்டியலின் கடைசியில்தான் இருக்கும்.

அறிகுறி: விரிசல், மயிரிழைக் கோடுகள், திடீரென்று உடைதல்

அதிகம் வரும் புகார் இதுதான், அதிகம் தப்பாகப் புரிந்துகொள்ளப்படுவதும் இதுதான். உடைந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பளபளவென்று வழவழப்பாக, பிளாஸ்டிக் இழுபட்டு வெளுத்த அடையாளமே இல்லாமல், இரண்டு துண்டையும் சேர்த்து வைத்தால் கச்சிதமாகப் பொருந்தினால் அது இரண்டாவது வகைதான், இறுக்கமும் கெமிக்கலும் சேர்ந்து செய்த வேலை. எடையும் மாறியிருக்காது. பாகத்தின் மீதிப் பகுதி புதிதுபோலவே இருக்கும், வளைத்தால் வளையும், சுத்தியால் தட்டினால் தாங்கும். சங்கிலி வெட்டுப்பட்டிருந்தால் அப்படி இருக்காது, முழுப் பாகமுமே பலமில்லாமல் நொறுங்கும்.

விரிசல் எங்கே தொடங்கியிருக்கிறது என்பதும் முக்கியம். மரை முடிகிற பள்ளம், கூரான உள்மூலை, திருகுத் தலைக்கு அடியில், அழுத்திப் பதித்த பித்தளை மரைக் குழலைச் சுற்றி, வார்ப்பில் பிளாஸ்டிக் உள்ளே நுழைந்த இடம், இவைதான் வழக்கமான இடங்கள். எல்லாமே இழுவிசை இருக்கிற இடங்கள். அழுத்தத்தில் மட்டும் இருக்கிற பக்கத்தில் இந்த வகை விரிசல் வராது.

இதில் சிக்குவது பெரும்பாலும் படிக அமைப்பு இல்லாத பிளாஸ்டிக்குகள்: பாலிகார்பனேட், அக்ரிலிக், ஏபிஎஸ், பாலிசல்போன், மாற்றியமைத்த பிபிஓ. கண்ணாடிபோலத் தெளிவாக இருப்பதெல்லாம் ஏறக்குறைய இந்தக் கூட்டம்தான் (ஏபிஎஸ் தெளிவாக இருக்காது, ஆனால் இதே கூட்டம்). நைலான், அசிட்டால், பாலிபுரோப்பிலீன், பீக் (PEEK என்ற விலை உயர்ந்த பிளாஸ்டிக்) மாதிரி பாதிப் படிக அமைப்பு உள்ளவற்றில் சங்கிலிகள் நெருக்கமாக அடுக்கப்பட்ட பகுதிகள் கரைப்பானை உள்ளே விடுவதில்லை, அதனால் அவை இந்த விஷயத்தில் நன்றாகவே தாங்கும்.

ஒரு உதாரணத்தை நெருக்கமாகப் பார்க்கலாம். காற்று அழுத்தக் குழாயில் மாட்டுகிற ஃபில்டரின் அடியில் தெளிவான பாலிகார்பனேட் கிண்ணம் இருக்கும். கம்ப்ரசருக்கு மினரல் ஆயில் போட்டவரை அது வருடக்கணக்கில் ஒன்றும் ஆகாமல் ஓடும். ஒரு நாள் யாரோ செயற்கை எண்ணெய்க்கு மாற்றுவார்கள். டைஎஸ்டர் அல்லது பாஸ்பேட் எஸ்டர் வகை. எண்ணெய் மிகச் சிறிய துளிகளாகக் காற்றோடு வந்து கிண்ணத்தின் உள்சுவரில் படியும். கிண்ணம் எப்போதும் உள்ளேயிருந்து காற்றழுத்தத்தால் விரிக்கப்பட்ட நிலையில்தான் இருக்கிறது. முதலில் மரைக்குக் கொஞ்சம் கீழே, டார்ச் அடித்தால் மட்டும் வெள்ளி மாதிரி மினுங்குகிற மெல்லிய கோடுகள் வரும், விரல் நகத்தால் உரசினால் எதுவும் தட்டுப்படாது. அந்தக் கோட்டுக்குள் பிளாஸ்டிக் இன்னும் நூல் நூலாக இரு கரையையும் பிடித்துக்கொண்டிருக்கிறது. அந்த நூல்கள் அறும்போது அது விரிசல். அழுத்தத்தில் இருக்கிற கிண்ணம் விரிசல் விட்டால் சில்லுகளாகத் தெறிக்கும், ஆகவே மினுங்குகிற கோடு தெரிந்த அன்றே அழுத்தத்தை இறக்கிக் கழற்றிவிடுங்கள், "இன்னும் கசியவில்லையே" என்று விட்டுவைக்காதீர்கள். அந்த இடத்துக்கு உலோகக் கிண்ணம்தான் சரியான தீர்வு. தெளிவாக வேண்டும் என்றால், எண்ணெய் வகையைச் சொல்லி ஃபில்டர் செய்பவரிடமே நைலான் கிண்ணம் கேட்டுப் பாருங்கள். அந்தக் கிண்ணத்தைக் கழுவுவதற்கும் மென்மையான சோப்புத் தண்ணீர் தவிர வேறெதுவும் வேண்டாம்.

எது எதை உடைக்கும் என்று அடிக்கடி வருகிற ஜோடிகள் சில. பாலிகார்பனேட்டை அசிட்டோன், டொலுயீன், அம்மோனியா கலந்த கண்ணாடித் துடைப்பான் எல்லாம் கெடுக்கும். கடுமையான காரம் அதன் சங்கிலியையும் சேர்த்து வெட்டும். அக்ரிலிக்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தால், குறிப்பாக லேசரில் வெட்டிய ஓரமோ கடைந்த ஓரமோ இருந்தால், துடைத்த சில நிமிடங்களில் ஓரமெங்கும் கோடு கோடாக வந்துவிடும். ஏபிஎஸ்ஸுக்கு பிரேக் ஆயில் ஆகாது. மரை தளராமல் இருக்கப் போடுகிற திரெட்லாக்கர் பசை உலோகத்துக்கானது; அதை பாலிகார்பனேட், ஏபிஎஸ், அக்ரிலிக் பக்கத்தில் கொண்டுபோகவே கூடாது, உறையாமல் வழிகிற சொட்டு திருகுத் துளையைச் சுற்றி உடைத்துவிடும்.

பாதிப் படிகக் கூட்டத்திலும் இரண்டு விதிவிலக்குகளை மனதில் வையுங்கள். எச்டிபிஇயை எந்தச் சோப்பும் கரைக்காது, ஆனால் இழுபட்ட நிலையில் இருக்கிற எச்டிபிஇ சோப்பு நீரில் நாளடைவில் விரியும். டிடர்ஜென்ட் கேனின் அடிமூலையில் வருகிற விரிசல் அதுதான். இன்னொன்று நைலான் 6, நைலான் 66: கால்சியம் குளோரைடும் துத்தநாக குளோரைடும் இவற்றை உடைக்கும். துத்தநாகப் பூச்சுள்ள இரும்புக் கிளிப் நைலான் குழாயைப் பிடித்திருக்கிறது, அதன் மேல் உப்புத்தண்ணீர் படுகிறது என்றால் துத்தநாக குளோரைடு அங்கேயே தயாராகிவிடும். அந்த இடத்துக்கு நைலான் 12 எவ்வளவோ மேல்.

இந்த வகை விரிசலுக்கு உடனே பிளாஸ்டிக்கை மாற்ற வேண்டியதில்லை. முதலில் இறுக்கத்தைக் குறைக்க முடியுமா பாருங்கள்: உள்மூலைக்கு வளைவு கொடுப்பது, கூம்பு மரைக்குப் பதில் நேர் மரையும் ஓ-ரிங்கும் வைப்பது, திருகை அளவாக முடுக்குவது. கடைந்த பாலிகார்பனேட்டை 120 டிகிரி செல்சியஸ் அளவிலும் அக்ரிலிக்கை 80 டிகிரி அளவிலும் அடுப்பில் வைத்து மெல்ல ஆறவிட்டால் உள்ளே தங்கிய இறுக்கம் பெருமளவு விலகிவிடும். தெளிவான பாகமாக இருந்தால் அந்த இறுக்கத்தைக் கண்ணாலேயே பார்க்கலாம்: லேப்டாப்பின் எல்சிடி திரையை முழு வெள்ளையாக வைத்து, அதற்கு முன்னால் பாகத்தைப் பிடித்து, போலராய்டு கண்ணாடி வழியாகப் பாருங்கள். கண்ணாடியைச் சுழற்றித் திரை இருட்டாகிற கோணத்தில் நிறுத்தினால், பாகத்தில் வண்ணப் பட்டைகள் நெருக்கமாக இருக்கிற இடமெல்லாம் இறுக்கம் உள்ள இடம். அடுப்பில் வைப்பதற்கு முன்னும் பின்னும் பார்த்தால் வித்தியாசம் தெளிவாகத் தெரியும்.

அறிகுறி: எந்தக் கெமிக்கலும் படவில்லை, ஆனாலும் பிசுபிசுப்பு அல்லது விரிசல்

பட்டிருக்கிறது, நீங்கள் அதைக் கெமிக்கலாக எண்ணவில்லை. வளையக்கூடிய பிவிசி கேபிளிலும் ட்யூபிலும் அதை மிருதுவாக்கச் சேர்த்த பிளாஸ்டிசைசர் எண்ணெய் நிறைய இருக்கிறது. அது பாலிஸ்டைரீன், ஏபிஎஸ் மாதிரிப் பரப்பில் தொட்டுக்கொண்டே கிடந்தால் மெல்ல அதற்குள் நகரும். கேபிள் கிடந்த இடத்தில் கேபிளின் வடிவத்திலேயே ஒரு பள்ளமோ ஒட்டலோ இருந்தால் வேறு விசாரணை தேவையில்லை. ரப்பர் கேஸ்கெட்டிலிருந்து ஊறும் எண்ணெய், லேபிளின் பசை, ஸ்பிரே கிரீஸில் இருக்கிற கரைப்பான் இவையும் இதே கணக்கு. தீர்வு எளியது, தொடாமல் பிரித்துவையுங்கள், அல்லது தொடுகிற பொருளை சிலிகான் போன்ற ஒன்றாக மாற்றுங்கள்.

அறிகுறி: உப்பிவிட்டது, ஷாஃப்ட் ஜாம் ஆகிவிட்டது, மூடி திருகவில்லை

எடை கூடியிருக்கும். இது முதல் வகை. முதலில் கேட்க வேண்டியது: காயவைத்தால் திரும்புகிறதா? பாகத்தைச் சில நாள் வெதுவெதுப்பான அடுப்பில் காயவைத்து (கரைப்பான் உறிஞ்சியிருந்தால் அடுப்பு வேண்டாம், காற்றோட்டமான வெளியிடத்தில்) மறுபடி எடையும் அளவும் பாருங்கள். பழைய அளவுக்குத் திரும்பினால் பிளாஸ்டிக் கெடவில்லை, வெறும் உறிஞ்சல்தான். திரும்பாமல் எடை பழையதைவிடக் குறைந்திருந்தால் உள்ளே இருந்த ஏதோ கரைந்து வெளியே போயிருக்கிறது.

நைலானும் தண்ணீரும்தான் இதில் தலைமைக் கேஸ். அட்டவணையில் தண்ணீருக்கு நேரே நைலானுக்கு நல்ல மதிப்பெண்தான் போட்டிருப்பார்கள், குளிர்ந்த தண்ணீர் அதன் சங்கிலியை வெட்டாது என்பதால் அது பொய்யும் இல்லை. ஆனால் நைலான் 6 முழுக்க ஊறினால் தன் எடையில் சுமார் 9 சதவீதம் தண்ணீரை உறிஞ்சும், நைலான் 66 சுமார் 8.5 சதவீதம். அளவு 2 சதவீதத்துக்கு மேல் கூடும். 5 மி.மீ. சுவருள்ள ஒரு நைலான் புஷ்ஷை (ஷாஃப்ட் உள்ளே சுழல்கிற குழல்) இரும்பு உறைக்குள் அழுத்தி வைத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வெளியே விரிய வழியில்லை, எனவே விரிவெல்லாம் உள்துளையை நோக்கித்தான் வரும். சுவர் 2 சதவீதம் தடித்தால் ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ., விட்டத்தில் 0.2 மி.மீ. குறையும், சுற்றளவில் விரிய முடியாத பங்கும் சுவரின் தடிப்பில்தான் சேரும் என்பதால் நிஜத்தில் இதைவிட அதிகம். ஷாஃப்டுக்கு 0.1 மி.மீ. இடைவெளி விட்டுக் கடைந்திருந்தால் ஷாஃப்ட் பிடித்துக்கொள்ளாமல் வேறென்ன செய்யும்? இதில் இன்னொரு விஷயமும் நடக்கிறது, ஊறின நைலானின் விறைப்பு காய்ந்த நைலானின் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அதே தண்ணீரில் அசிட்டால் 1 சதவீதத்துக்குள்தான் உறிஞ்சும், நைலான் 12 சுமார் 1.5, பெட்டும் பீக்கும் அரை சதவீதம் அளவில். தண்ணீரில் சுழல்கிற புஷ்ஷுக்கு நைலான் 6 வாங்குவது வீண் வேலை; அசிட்டாலோ பெட்டோ போடுங்கள், வெந்நீராக இருந்தால் பெட்டையும் விட்டுவிடுங்கள், ஏன் என்பது கீழே வருகிறது.

எண்ணெய், பெட்ரோல், டொலுயீன், சைலீன் பக்கம் வந்தால் கதை அப்படியே தலைகீழ். நைலானும் அசிட்டாலும் அசையாமல் நிற்கும், பாலிபுரோப்பிலீன் ஊறி உப்பி இளகும். ஹைட்ரோகார்பனும் பாலிபுரோப்பிலீனும் ஒரே இனம், அதனால் உள்ளே விடுகிறது. தண்ணீரும் அமிலக் கரைசலும் வேறு இனம், அதனால் தள்ளி நிறுத்துகிறது. நைலான் சங்கிலியில் தண்ணீரை இழுத்துப் பிடிக்கிற அமைடுப் பிணைப்புகள் இருப்பதால் தண்ணீரும் மெத்தனாலும் எத்தனாலும் உள்ளே போகும், பெட்ரோல் போகாது. இந்த ஒரு விதியை மனதில் வைத்துக்கொண்டால் அட்டவணையின் பாதியை மனப்பாடமாகவே சொல்லலாம். பெட்ரோலும் தண்ணீரும் இரண்டுமே வரும் இடத்துக்கு அசிட்டால், பிவிடிஎஃப், பிபிஎஸ் (பாலிஃபீனிலீன் சல்ஃபைடு) மூன்றையும் பாருங்கள்.

அறிகுறி: மேலே வெள்ளைப் பொடி, நகத்தால் சுரண்டினால் உதிர்தல், முழுப் பாகமும் நொறுங்குதல்

இது மூன்றாவது வகை, சங்கிலி வெட்டுப்பட்டுவிட்டது. காயவைப்பதாலும் அளவு திருத்துவதாலும் எதுவும் திரும்ப வராது. பிளாஸ்டிக்கை மாற்றித்தான் ஆக வேண்டும், இங்கே சமரசம் கிடையாது. எதற்கு மாற்றுவது என்பது வெட்டியது எது என்பதைப் பொறுத்தது.

அமிலமா? அசிட்டாலுக்குப் பிஎச் 4க்குக் கீழே இடமே இல்லை. பாதிக்கப்பட்ட அசிட்டாலில் சுண்ணாம்பு மாதிரிப் பொடி படியும், மூடிய இடத்தில் இருந்தால் ஃபார்மலின் வாடையும் வரும். நைலானும் கடுமையான தாது அமிலங்களில் போய்விடும், ஃபார்மிக் அமிலத்தில் அறை வெப்பத்திலேயே கரைந்துவிடும். நீர்த்த அமிலங்களுக்குப் பாலிபுரோப்பிலீன், பிவிசி, எச்டிபிஇ போதும், விலை உயர்ந்ததைத் தேட வேண்டாம். ஆனால் அடர் கந்தக அமிலமும் அடர் நைட்ரிக் அமிலமும் ஆக்ஸிஜனேற்றிகளும்கூட என்பதால் நீர்த்த அமிலத்துக்கு வாங்கின மதிப்பெண் அங்கே செல்லாது. பீக் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் தாங்கும் என்று பெயர் வாங்கியது, அடர் கந்தக அமிலத்தில் கரைந்தே போகும்.

காரமா? பாலிபுரோப்பிலீன் காஸ்டிக் சோடாவைப் பிரமாதமாகத் தாங்கும். பெட், பிபிடி (பெட்டின் நெருங்கிய உறவு), பாலிகார்பனேட் தாங்காது, மூன்றிலும் எஸ்டர் அல்லது கார்பனேட் பிணைப்பு இருக்கிறது, காரம் அதைத்தான் வெட்டும். அசிட்டாலில் இரண்டு ரகம் உண்டு: டெல்ரின் என்ற பெயரில் வருகிற ஹோமோபாலிமர் (ஒரே வகை அலகால் ஆன சங்கிலி) காரத்திலும் வெந்நீரிலும் பலவீனம், கோபாலிமர் (வேறு அலகும் கலந்த சங்கிலி) ரகம் நன்றாகத் தாங்கும். கடையில் "அசிட்டால்" என்று மட்டும் கேட்டு வாங்கினால் எது வரும் என்று சொல்ல முடியாது, ரகத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

வெந்நீரா நீராவியா? எஸ்டர் கூட்டம் இங்கேயும் அடி வாங்கும், தண்ணீரே பிணைப்பை வெட்டும், அதுதான் நீராற்பகுப்பு. பாலிகார்பனேட்டைத் தொடர்ந்து 60 டிகிரிக்கு மேற்பட்ட தண்ணீரில் வைக்காதீர்கள். நீராவியில் திரும்பத் திரும்பக் கிருமி நீக்கம் செய்கிற பாகம் என்றால் பிபிஎஸ்யு (பாலிசல்போன் குடும்பம்) அல்லது பீக்.

குளோரினா? இதைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் யாருமே குழாய்த் தண்ணீரைக் கெமிக்கலாக நினைப்பதில்லை. அமெரிக்காவில் 1980களில் வீடுகளுக்குப் போட்ட பாலிபியூட்டிலீன் குழாய் அமைப்புகளில் அசிட்டால் இணைப்புகள் இருந்தன. தண்ணீரில் கிருமி நீக்கத்துக்குச் சேர்த்த குளோரின் அந்த இணைப்புகளை உட்பரப்பிலிருந்து அரித்து விரிசல் விட வைத்தது, குழாய்களும் தப்பவில்லை, வழக்குகள் பெருகி 1995இல் மிகப் பெரிய இழப்பீட்டு உடன்பாட்டில் போய் முடிந்தது. குடிநீரில் இருக்கிற அவ்வளவு குறைந்த குளோரினே வருடக்கணக்கில் இதைச் செய்யும் என்றால், சோடியம் ஹைப்போகுளோரைட்டை (ப்ளீச்) அளந்து செலுத்துகிற டோசிங் பம்பில் அசிட்டாலோ நைலானோ வைப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம். ப்ளீச்சுக்குப் பிவிசி நன்றாக வேலை செய்யும். பாலிபுரோப்பிலீன் கொஞ்ச காலம் தாங்கி அப்புறம் ஆக்ஸிஜனேற்றத்தில் நொறுங்கும், செம்போ பித்தளையோ அதைத் தொட்டுக்கொண்டிருந்தால் இன்னும் சீக்கிரம். விலை கொடுத்து பிபிஎஸ் வாங்கிப் போடலாமே என்று தோன்றும், வேண்டாம்; 200 டிகிரிக்குக் கீழே எந்தக் கரைப்பானும் கரைக்க முடியாத அந்தப் பிளாஸ்டிக்குக்கு ஆக்ஸிஜனேற்றிகள்தான் எதிரி.

கண்ணாடி இழை கலந்த ரகமாக இருந்து, மேற்பரப்பு கரடுமுரடாகி வெள்ளை இழைகள் தலைகாட்டினால் பிளாஸ்டிக்கை மட்டும் சந்தேகிக்காதீர்கள். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் சூடான காஸ்டிக்கும் கண்ணாடியையே தின்னும். அட்டவணையில் இருக்கிற மதிப்பெண் இழை கலக்காத ரகத்துக்கானதாக இருக்கலாம்.

அறிகுறி: நிறம் மட்டும் மாறியிருக்கிறது

பெரும்பாலும் பயப்பட வேண்டாம். ஒரு துண்டை வெட்டிப் பாருங்கள்: நிறம் தோல் கனத்துக்கு மட்டும் இருந்து, உள்ளே பழைய நிறமும் பழைய பலமும் இருந்தால் அது கறை. விதிவிலக்கு பிவிடிஎஃப். அமிலத்துக்கும் ஹாலஜன்களுக்கும் (குளோரின், புரோமின் போன்றவை) மிக நல்ல இந்தப் பிளாஸ்டிக், பிஎச் 12க்கு மேற்பட்ட காரத்தில் ஹைட்ரஜன் ஃப்ளூரைடை இழந்து பழுப்பாகி, அப்புறம் கறுத்து, இறுக்கம் உள்ள இடத்தில் விரிசலும் விடும். பழுப்பான பிவிடிஎஃப்பைக் காரக் குழாயில் பார்த்தால் அதற்கு மேல் நம்பாதீர்கள், அந்த இடம் பாலிபுரோப்பிலீனுக்கு உரியது. காரத்தால் கழுவி அமிலம் ஓட்டுகிற குழாய்களில் இது அடிக்கடி நடக்கும், ஓடுகிற அமிலத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுத்து, கழுவுகிற காரத்தை மறந்துவிடுவார்கள்.

அறிகுறி: இளகி வழிதல், விரல் ரேகை பதிதல், மங்கிப்போதல்

கரைகிறது. அசிட்டோனில் ஏபிஎஸ்ஸும் அக்ரிலிக்கும், டைகுளோரோமீத்தேனில் பாலிகார்பனேட்டும் பாலிசல்போனும். பிவிடிஎஃப்பும்கூட என்எம்பி, டிஎம்எஃப் போன்ற கரைப்பான்களில் கரையும். கீட்டோன் (அசிட்டோன் இனக் கரைப்பான்) வரும் இடத்துக்கு அசிட்டால், நைலான், பாலிபுரோப்பிலீன், டெஃப்லான் என்று போங்கள்.

அறிகுறி: பாகம் புதிதுபோல இருக்கிறது, ஆனால் கசிகிறது, அல்லது கேன் உள்வாங்கிவிட்டது

கசிவுக்குப் பிளாஸ்டிக்கைக் குற்றம் சொல்வதற்கு முன் ஓ-ரிங்கைப் பாருங்கள். அசிட்டோனுக்காக உடம்பையெல்லாம் டெஃப்லானாக மாற்றிவிட்டு, ஓ-ரிங்கை நைட்ரைல் ரப்பராகவோ வைட்டான் ரப்பராகவோ விட்டுவைத்தால் அது உப்பிக் கிழியும். அசிட்டோனுக்கு இபிடிஎம் என்ற ரப்பர் சரி, ஆனால் அதே இபிடிஎம் எண்ணெயில் நாசமாகும். ஓ-ரிங் நன்றாக இருக்கிறது, டெஃப்லான் வாஷர்தான் கசிகிறது என்றால் அது கெமிக்கல் பிரச்சினையே இல்லை. டெஃப்லானை உருகிய சோடியமும் ஃப்ளூரினும் தவிர ஏறக்குறைய எதுவும் தொடாது, ஆனால் முடுக்கின அழுத்தத்திலேயே மெல்ல வழிந்து விலகும் குணம் அதற்கு உண்டு. நாலு பக்கமும் சுவர் உள்ள பள்ளத்தில் அடைத்து வையுங்கள், அல்லது நிரப்பி (கண்ணாடி இழை, கார்பன் போன்ற கலப்பு) சேர்த்த ரகம் வாங்குங்கள்.

எச்டிபிஇ கேனின் பக்கங்கள் உள்ளே குழிந்தால், கரைப்பான் சுவருக்குள் ஊறி வெளியே ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது, உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. பெட்ரோல் டாங்குகளில் உட்பரப்பை ஃப்ளூரின் வாயுவால் பதப்படுத்துவதும் நடுவில் தடுப்புப் படலம் வைப்பதும் இதற்காகத்தான். சைலீன் மாதிரிச் சரக்கைச் சாதாரண எச்டிபிஇயில் மாதக்கணக்கில் வைக்காதீர்கள்.

மாற்றுப் பிளாஸ்டிக்கைத் தேர்ந்தெடுத்த பிறகு

அட்டவணையை இப்போது திறக்கலாம், ஆனால் அதிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் இறுக்கமே இல்லாத சிறு துண்டை, அறை வெப்பத்தில், ஒரே ஒரு கெமிக்கலில், குறைந்த நாட்கள் ஊறவைத்துப் பார்த்தது என்பதை மறக்க வேண்டாம். ஒரு நிறுவனத்தின் "ஏ"வும் இன்னொரு நிறுவனத்தின் "ஏ"வும் ஒன்றல்ல. உங்கள் இடத்தில் வெப்பம் 10 டிகிரி கூடினால் வேதிவினை வேகம் தோராயமாக இரட்டிப்பாகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கெமிக்கலும் தனித்தனியாக "நன்று" வாங்கியிருந்தாலும் கலவைக்கு அது உத்தரவாதம் இல்லை.

ஆகவே நீங்களே ஒரு சோதனை செய்துவிடுங்கள், பெரிய ஆய்வகம் தேவையில்லை. உறிஞ்சலுக்கும் சங்கிலி வெட்டுக்கும்: துண்டை எடை போட்டு, அளந்து, உங்கள் நிஜத் திரவத்தில், நிஜ வெப்பத்தில் ஊறவைத்து 1, 7, 28 நாட்களில் எடை, அளவு, வளைத்தால் உடைகிறதா என்று பாருங்கள், ஐஎஸ்ஓ 175 தரம் சொல்வதும் இதே போக்குதான். எடை ஏறி ஒரு இடத்தில் நின்றுவிட்டால் அந்த விரிவுக்கு இடம் விட்டுக் கடைந்துகொள்ளலாம். நிற்காமல் ஏறிக்கொண்டே இருந்தாலோ, ஏறிப் பிறகு இறங்கினாலோ அந்தப் பிளாஸ்டிக் வேண்டாம்.

விரிசலுக்கு ஊறவைப்பது மட்டும் எதையும் காட்டாது, வளைத்துத்தான் ஊறவைக்க வேண்டும். ஐஎஸ்ஓ 22088 தரத்தில் வருகிற வளைபட்டை முறையை எளிமையாகச் செய்யலாம்: 3 மி.மீ. கனமுள்ள பட்டையை 300 மி.மீ. ஆரமுள்ள வளைந்த கட்டையின் மேல் கிளாம்ப் போட்டுப் படிய வைத்தால் வெளிப்பரப்பு 0.5 சதவீதம் இழுபடும் (கனத்தை ஆரத்தின் இரண்டு மடங்கால் வகுத்தால் வருகிற எண்). அந்த வெளிப்பரப்பின் நடுவில் திரவத்தில் நனைத்த துணித் துண்டை வைத்து, ஆவியாகாமல் மேலே மூடி, ஒரு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் எடுத்து, சாய்ந்த வெளிச்சத்தில் மினுங்கும் கோடுகளைத் தேடுங்கள். பக்கத்திலேயே இன்னொரு பட்டையை அதேபோல வளைத்து, திரவம் இல்லாமல் வையுங்கள், இல்லையென்றால் கோடு வந்தது வளைத்ததாலா திரவத்தாலா என்று தெரியாது. துடைக்கிற திரவத்துக்கும், மரையில் போடுகிற பசைக்கும் தனித்தனிப் பட்டை வையுங்கள். எல்லாம் தேறின பிறகு புதிய பாகத்தை மாட்டும் அன்றே அதன் எடை, துளை விட்டம், ரகத்தின் முழுப் பெயர், மாட்டிய தேதி நான்கையும் எழுதி அந்த இயந்திரத்தின் பராமரிப்பு ஏட்டில் ஒட்டிவிடுங்கள்.